வியர்க்கும் கையும் வடக்கே ஓர் இடமாற்றமும்

வெயிலுக்கு அஞ்சி ஓர் அரசாங்கமே ஆண்டுதோறும் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்ட கதை நம் தேசத்துச் சரித்திரத்தில் உண்டு. கல்கத்தாவின் புழுக்கத்தைத் தாங்கமாட்டாத ஆங்கிலேய அதிகாரிகள், 1864-ஆம் ஆண்டு முதற்கொண்டு சிம்லாவைக் கோடைக்காலத் தலைநகராக வைத்துக்கொண்டு, வெயில் ஏறுகிற மாதங்களில் தஸ்தாவேஜுகளையும் குமாஸ்தாக்களையும் ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள அந்த மலைக்கு ஏற்றிச் சென்று, குளிர் தொடங்கியதும் மறுபடி இறக்கிக் கொண்டுவந்தார்கள். தலைநகரம் டில்லிக்கு மாறிய பிறகும் இந்தப் போக்குவரத்து ஓயவில்லை. அந்தக் குமாஸ்தாக்களில் நம் மாகாணத்தவரும் இருந்தமையால், அவர்களுடைய குழந்தைகளின் படிப்பை முன்னிட்டு 1923-ல் மதராஸி கல்விச் சங்கம் என்று ஒன்று தோன்றி, அதுவே இன்று டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்னும் பெயரில் பள்ளிக்கூடங்களை நடத்தி வருகிறது. ஒரு சாம்ராஜ்யத்தின் தலைநகரத்தையே வருஷத்தில் பாதி நாள் இடம்பெயர்த்து வைத்த சக்திகளில் வியர்வையும் ஒன்று என்று சொன்னால் அது மிகையாகாது.

துரைமார்களுடைய வியர்வைக்கு மலையில் பரிகாரம் இருந்தது. ஏனெனில் அது உஷ்ணத்தால் வந்த வியர்வை. உஷ்ணம் இல்லாதபோதும் உள்ளங்கையில் நீர் கோத்துச் சொட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குச் சிம்லாவும் ஒன்றுதான், சென்னையும் ஒன்றுதான். இந்த வித்தியாசத்தை நம்மில் பலர் உணராதபடியால், கை வியர்க்கும் பையனைப் பார்த்து, “வடக்கே குளிர்ப் பிரதேசத்தில் வேலை கிடைத்தால் இதெல்லாம் தானே நின்றுவிடும்” என்று ஆசீர்வதிக்கிற பெரியவர்களையும், “டில்லி வெயிலில் நான் கரைந்தே போவேன்” என்று நடுங்கி உத்தியோக உயர்வையே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற உத்தியோகஸ்தர்களையும் ஒருங்கே காண்கிறோம். இருவர் நம்பிக்கையும் பிசகு. ஊரை மாற்றுவதால் இந்த வியாதி போகாது. வியாதியை உத்தேசித்து ஊர் மாற்றத்தை மறுப்பதும் அவசியமில்லை. ஆனால் மற்றச் சாமான்களைக் கணக்கெடுப்பதுபோல இதையும் கணக்கெடுத்து, இதற்கென்று முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்ளாமல் புறப்படுவது மட்டும் கூடாது என்பதே என் அபிப்பிராயம்.

சரீர சாஸ்திரம் சொல்வது இது. மனித தேகத்தின் தோலில் இருபது லட்சத்திலிருந்து நாற்பது லட்சம் வரையில் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை மிக நெருக்கமாக அமைந்திருக்கின்றன. நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் உள்ள சுரப்பிகள் பெரும்பாலும் உடல் உஷ்ணத்தைக் கவனித்து வேலை செய்ய, கையிலும் காலிலும் உள்ளவையோ மனத்தின் கலக்கத்தைக் கவனித்து வேலை செய்கின்றன. கக்கத்தில் உள்ளவை இரண்டு எஜமானர்களுக்கும் கட்டுப்பட்டவை. சிலருக்குப் பிறவியிலேயே இந்தச் சுரப்பிகளைத் தூண்டும் நரம்புகள் அவசியத்துக்கு மேல் சுறுசுறுப்பாய் இருந்துவிடுகின்றன. சுரப்பியில் கோளாறு ஏதும் இல்லை. கட்டளைதான் அளவு மீறி வருகிறது. பள்ளிக்கூடப் பருவத்திலோ அதற்குச் சற்றுப் பின்னோ ஆரம்பித்து, வலம் இடம் இரண்டு பக்கமும் சமமாக வியர்த்து, உறங்கும்போது மட்டும் ஓய்ந்துவிடுகிற இந்த நிலை, அநேகமாகக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கக் காணலாம். அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டு வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேருக்கு மிகைவியர்வை உண்டு. அந்த விகிதத்தில் பாதியே இங்கே இருப்பதாக வைத்துக்கொண்டாலும், ஒரு பெரிய காரியாலயத்தின் ஒவ்வொரு மாடியிலும் ஒருவராவது மேஜைக்கு அடியில் கைக்குட்டையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவர் படும் அவஸ்தை வெளியே தெரியாது. பரீட்சையில் விடைத்தாள் நனைந்து மை கலங்காமலிருக்க மணிக்கட்டின் கீழே துணியை வைத்து எழுதியிருப்பார்; வீணை கற்றவரானால் தந்தி துருப்பிடிப்பதைப் பார்த்து வாசிப்பை விட்டிருப்பார்; விவாக வேளையில் பாணிக்கிரகணத்தை நினைத்தே பல நாள் தூக்கம் இழந்திருப்பார். இவற்றையெல்லாம் விடக் கொடுமையானது ஜனங்கள் அந்த ஈரத்துக்குச் சொல்லும் வியாக்கியானம். “கை ஏன் இப்படிச் சில்லிட்டுக் கிடக்கிறது? பயமா?” என்று கேட்பவர் பட்சமாகத்தான் கேட்கிறார். ஆனாலும் அந்தக் கேள்வியில் ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது.

இந்தத் தீர்ப்பு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. டிக்கன்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியர் ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலில் படைத்த உரையா ஹீப் என்ற கபடன், எப்போதும் ஈரமான கையை உடையவன். அந்தக் கையைத் தொட்டவர்கள் அருவருப்பதும், அவனே அதைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருப்பதும் அவனுடைய வஞ்சகத்தின் அடையாளங்களாகவே அங்கே வருகின்றன. 1960 செப்டம்பர் 26-ஆம் தேதி அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்ட கென்னடியும் நிக்ஸனும் தொலைக்காட்சியில் வாதம் புரிந்தபோது, முழங்கால் காயத்துக்காக ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்திருந்த நிக்ஸனின் முகம் விளக்கொளியில் வியர்த்து வழிந்ததும், அவர் சொன்ன விஷயங்களை மறந்துவிட்டு அந்த வியர்வையையே ஜனங்கள் பேசிக்கொண்டிருந்ததும் பிரசித்தமான சங்கதி. நிக்ஸனிடத்தில் அனுதாபப்பட எனக்குப் பிற்காலத்துக் காரணங்கள் ஒன்றும் இல்லை. அன்றைய ராத்திரி மட்டும் அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பொய்யைக் கண்டுபிடிக்கும் யந்திரம் என்று சொல்லப்படுகிறதே, அதுவும் மூச்சு, ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு விரல் நுனியில் ஊறும் வியர்வையையும் அளந்துதான் ஒருவனைப் பொய்யன் என்று சொல்லத் துணிகிறது. சம்மதம் இல்லாதவர்மீது அத்தகைய பரிசோதனையைப் பிரயோகிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நம் சுப்ரீம் கோர்ட்டு 2010-ஆம் ஆண்டு மே மாதம், செல்வி என்பவர் கர்நாடக அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், தீர்ப்பளித்துவிட்டது. கோர்ட்டு ஏற்காத சாட்சியத்தை நேர்முகத் தேர்வு நடத்துகிற கனவான்கள் மட்டும் இன்னமும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். சென்னையில் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் ஒருவருக்கு டில்லிக்கு மாற்றல் உத்தரவு வருவதாக வைத்துக்கொள்வோம். குழந்தைகளின் பள்ளிக்கூட வருஷத்தை அனுசரித்து இத்தகைய உத்தரவுகள் பெரும்பாலும் கோடையில்தான் வருகின்றன. ஆகவே, அக்கினி நட்சத்திரம் கொளுத்துகிற நாளில்தான் பீரோவை நகர்த்தவும் பாத்திரங்களைச் சாக்கில் கட்டவும் வேண்டியிருக்கிறது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்கு மாற்றலாகிறவருக்குப் புதிய இடத்தில் சேர்ந்துகொள்ள 15 நாள் அவகாசம் என்று 1979-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன; விமானத்தில் போகிறவருக்கு 12 நாள்தான். இந்தப் பதினைந்து நாளில் குழந்தைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கவேண்டும். எரிவாயு உருளையை ஒப்படைத்து முன்பணத்தைத் திரும்பப் பெறவேண்டும். வண்டியைக் கொண்டுபோவதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையின்மைச் சான்று பெறவேண்டும். லாரிக்காரர் எழுதித் தரும் சாமான் பட்டியலை ஒன்றுவிடாமல் ஒத்துப் பார்த்துக் கையெழுத்திடவேண்டும். இவற்றைப்பற்றி யோசனை சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. நான் வேறு சொல்லவேண்டியதில்லை. கை வியர்க்கிறவருக்கு மட்டும் ஒன்று சொல்வேன்: இந்தப் பதினைந்து நாளும் காகிதங்களின் திருவிழா. கையெழுத்திடும் கை ஒவ்வொரு காகிதத்தையும் நனைக்கும். ஜெல் பேனாவின் மை ஈரத்தில் பரவிவிடும். பால்பாயிண்ட் பேனாவின் மை அவ்வளவாகக் கலங்காது. அசல் தஸ்தாவேஜுகளைப் பிளாஸ்டிக் உறைகளில் இட்டு, தொடுவதற்கு நகல்களை வைத்துக்கொள்வது உத்தமம்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முந்திச் செய்யவேண்டிய காரியம், தோல் வைத்தியர் ஒருவரைப் பார்ப்பது. வருஷக்கணக்காக வியர்வையோடு வாழ்ந்தவர்கள் வைத்தியரிடம் போவதே இல்லை. போனால் சிரிப்பார் என்று நினைக்கிறார்கள். வைத்தியர் முதலில் நிர்ணயிக்க வேண்டியது, இது இயல்பாய் அமைந்த வியர்வையா, வேறொரு வியாதியின் நிழலா என்பதை. உறக்கத்தில் படுக்கை நனையும்படி வியர்ப்பது, நடுவயதில் திடீரென்று ஆரம்பிப்பது, உடம்பின் ஒரே பக்கத்தில் வியர்ப்பது, எடை குறைந்துகொண்டே வருவது ஆகியவை இருந்தால், தைராய்டு மிகைச் சுரப்பு, க்ஷயம், சர்க்கரை தாழ்தல் முதலியவற்றைப் பரிசோதித்துப் பார்க்கவேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் வியர்வையை அதிகரிப்பதுண்டு. பரிசோதனைகளைப் பாதியில் விட்டுவிட்டு வண்டி ஏறினால், புதிய ஊரில் புதிய வைத்தியரிடம் ஆதியிலிருந்து ஆரம்பிக்கவேண்டி வரும்.

இயல்பான வியர்வைதான் என்று தெரிந்தபின், எந்தச் சிகிச்சையை எப்போது தொடங்குவது என்பதில்தான் பிரயாணம் வந்து குறுக்கிடுகிறது. பொதுவாகச் சொல்லப்படும் மருத்துவக் குறிப்புகளில் இந்த அம்சம் அநேகமாக இடம்பெறுவதில்லை. எளிய மருந்து, 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசல். உறங்கும்போது வியர்வை அடங்கியிருக்கும் என்பதால் இரவில், நன்றாக உலர்ந்த தோலில் தடவி, காலையில் கழுவவேண்டும். ஈரத்தோலில் தடவினால் அங்கேயே அமிலம் உண்டாகி எரிச்சல் எடுக்கும். சுரப்பியின் வாயை அடைத்து வியர்வையைத் தடுக்கும் இந்த மருந்து, பலன் தெரிய நாலைந்து இரவாவது எடுத்துக்கொள்கிறது. ஆதலால் புறப்படுகிற தினத்தன்று வாங்கிப் பிரயோஜனமில்லை. சாராயத்தில் கரைத்துத் தயாரித்த வகை எளிதில் தீப்பற்றக்கூடியது. மே மாதத்து லாரிக்குள் கொதிக்கும் பெட்டியில் அதைப் போட்டு அனுப்பக்கூடாது.

கைகளை நீரில் வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் அயன்டோபோரெஸிஸ் என்ற முறை கைக்கும் காலுக்கும் மிகப் பயனுள்ளது. 1968-ல் லெவிட் என்பவர் இதற்கென்று எளிய சாதனம் ஒன்றை விவரித்த பிறகு, வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய சிகிச்சையாக இது பரவிற்று. 15 முதல் 20 மில்லி ஆம்பியர் அளவில், ஒரு வேளைக்கு இருபது முப்பது நிமிஷம், ஆரம்பத்தில் வாரம் மூன்று முறையும் பிறகு வாரம் ஒரு முறையுமாகச் செய்வது வழக்கம். கர்ப்பிணிகளும், இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும், உடம்பில் உலோகம் பொருத்தியவர்களும் இதைத் தொடக்கூடாது. விட்டுவிட்டால் சில வாரங்களில் வியர்வை பழையபடி திரும்பிவிடும் என்பதால், இந்தச் சாதனத்தை லாரியில் ஏற்றுவது பெரும் பிசகு. லாரி வந்து சேர வாரமோ பத்து நாளோ ஆகலாம், அந்த நாள்களில்தானே புதிய மேலதிகாரியின் முன் போய் நிற்கவேண்டியிருக்கிறது! இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. நீரில் உப்புகள் இருந்தால்தான் மின்சாரம் பாயும். சென்னையின் ஆழ்குழாய் நீரில் நன்றாக வேலை செய்த சாதனம், புதிய வீட்டில் வடிகட்டும் யந்திரத்திலிருந்து பிடித்த சுத்த நீரை ஊற்றினால் வேலை செய்யாமல் போகும்; சாதனம் கெட்டுவிட்டது என்று மனம் ஒடிந்து மூலையில் போடுவதற்குமுன், குழாய் நீரைப் பிடித்து ஊற்றிப் பார்ப்பதும், வைத்தியரைக் கேட்டு ஒரு சிட்டிகைச் சமையல் சோடாவைச் சேர்ப்பதும் நலம்.

போட்டுலினம் என்னும் மருந்தை ஊசியால் ஏற்றுவது கக்கத்து வியர்வைக்குச் சிறந்த உபாயம். அமெரிக்காவில் 2004-ல் அதற்கு அங்கீகாரம் கிடைத்தது. செலவு அதிகமானாலும் பலன் ஏறத்தாழ ஆறு மாதம் நிற்கிறது. உள்ளங்கையில் போட்டுக்கொண்டால் மட்டும், பிடிமானம் சில வாரங்களுக்குத் தளர்ந்துபோவதுண்டு. கண்ணாடிச் சாமான்களைக் கட்டவும் பெட்டிகளைத் தூக்கவும் வேண்டிய வாரத்தில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்வது விவேகமாகாது.

உட்கொள்ளும் மாத்திரைகளைப்பற்றி எச்சரிக்கை இன்னும் கடுமையாக வேண்டும். கிளைகோபைரோலேட், ஆக்சிபியூடினின் போன்றவை கையை மட்டும் தேடிப்போய் உலர்த்துவதில்லை. உடம்பு முழுவதையும் உலர்த்துகின்றன. வாய் வறளும், மலச்சிக்கல் வரும் என்பது ஒரு புறமிருக்க, உஷ்ணத்தை வெளியேற்றும் வழியே அடைபட்டுப்போகும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சரீரத்திலிருந்து சுமார் 580 கிலோ கலோரி உஷ்ணத்தைக் கொண்டுபோகிறது என்பதை நினைத்தால், நாற்பது டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் சாமான் சுமக்கிறவனுக்கு அந்த வழியை அடைப்பது எத்தகைய அபாயம் என்பது விளங்கும். புதிய காரியாலயத்தில் உலர்ந்த கையோடு நுழையவேண்டும் என்ற ஆசையில், மாத்திரையைத் தானாகவே இரட்டித்துக்கொண்டு மே மாதத்து டில்லியில் இறங்குகிறவர், அவமானத்திலிருந்து தப்பி வெப்பத் தாக்குதலில் விழுவார். அறுவைச் சிகிச்சையும் அவ்வாறே அவசரத்தில் தீர்மானிக்கத் தக்கதன்று. மார்புக்குள் கருவியைச் செலுத்திப் பரிவு நரம்புத் தொடரைத் துண்டித்தவுடனே கை உலர்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அடைத்த நீர் வேறிடம் தேடுவதைப்போல முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் வியர்வை பெருகுவது பலருக்கு நேர்கிறது, துண்டித்ததை மீண்டும் ஒட்டவைக்கவும் வழியில்லை. இடமாற்ற உத்தரவின் தேதிக்குள் செய்து முடிக்கவேண்டிய காரியங்களின் ஜாபிதாவில் இதைச் சேர்ப்பவர்களிடம், ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

பிரயாணத்துக்கு வருவோம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் இரண்டு இரவும் ஒரு பகலும். உடன் வரும் கைப்பையில் மருந்து, வைத்தியர் எழுதிய குறிப்பு, இரண்டு நாளைக்குக் காணும் பருத்தித் துணிகள், காலுறைகள், துண்டுகள் இவை இருக்கவேண்டும். வைத்தியர் குறிப்பில் கம்பெனியின் பெயர் மட்டுமின்றி மருந்தின் சொந்தப் பெயரும் இருந்தால், எந்த ஊர் மருந்துக்கடையிலும் கேட்டு வாங்கலாம். துண்டைப்பற்றி ஒரு வார்த்தை: நம் பாட்டன்மார் தோளில் துண்டு போட்டுக்கொண்டது அலங்காரத்துக்காக மட்டும் என்று எண்ணவேண்டாம், வியர்வையைத் துடைக்க அதைவிடச் சங்கோசமற்ற ஏற்பாட்டை எந்த நாகரிகமும் கண்டுபிடிக்கவில்லை. சட்டைத் துணியில் சாம்பல் நிறமும் இளநீலமும் ஈரத்தை உடனே காட்டிக்கொடுக்கும். வெள்ளையும் கறுப்பும் நெருக்கமான கட்டங்களும் மறைக்கும். கால் வியர்க்கிறவருக்கு இரண்டு ஜோடி பாதரட்சைகள் வேண்டும். ஒன்றை மாட்டிய நாளில் மற்றது உலரட்டும். ஈரமாகவே கிடக்கும் உள்ளங்காலில் சிறு சிறு குழிகள் விழுந்து துர்நாற்றம் உண்டாவது கிருமிகளின் வேலை. அது சாதாரணக் களிம்பில் தீரக்கூடியதே.

டில்லியின் சீதோஷ்ணம் சென்னையிலிருந்து போகிறவரை முதலில் ஏமாற்றும். சென்னையில் கடற்காற்றின் ஈரத்தால் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே தங்கும். டில்லியில் மே மாதத்து ‘லூ’ என்னும் அனற்காற்றில் அது கண்ணுக்குத் தெரியுமுன்பே பறந்துவிடும். “இங்கே எனக்கு வியர்ப்பதே இல்லை” என்று ஊருக்குச் சந்தோஷமாகத் தகவல் சொல்கிறவர், அதே வேளையில் நீரையும் உப்பையும் லிட்டர் கணக்கில் இழந்துகொண்டிருப்பார். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் மோரும் எலுமிச்சைச் சாறும் குடித்துக்கொண்டிருக்கவேண்டும். ஜூலையில் மழை தொடங்கியதும் புழுக்கம் சென்னையையே நினைவூட்டும். குளிர்காலம்தான் எதிர்பாராத சோதனை: மார்கழி, தை மாதங்களில் ஏழெட்டு டிகிரிக்கு இறங்குகிற விடியற்காலையிலும் உள்ளங்கை வியர்க்கும், அந்த ஈரத்தில் விரல் விறைக்கும், கம்பளிக் கையுறைக்குள்ளும் நனைந்த கை குளிரும். உட்பக்கம் மெல்லிய பருத்தி உறையும் மேலே கம்பளியுமாக அணிந்து, உட்புற உறையை அடிக்கடி மாற்றிக்கொள்வது ஒன்றுதான் வழி. குளிர்ப் பிரதேசத்துக்குப் போனால் தானே நின்றுவிடும் என்ற பெரியவரின் ஆசீர்வாதம் பலிக்காமல் போகும் காலம் இதுதான்.

மேலும், இடமாற்றமே ஒரு கலக்கம். புதிய பாஷை, புதிய அயலார், வாடகை வீட்டுக்காரரின் கேள்விகள், போலீஸ் நிலையத்தில் கொடுக்கும் குடியிருப்போர் விவரம் ஆகிய ஒவ்வொன்றும் மனத்தைக் குலுக்குவதால், முதற்சில வாரங்களில் கை வழக்கத்தைவிட அதிகமாகவே வியர்க்கும். இதைச் சிகிச்சையின் தோல்வி என்று எண்ணி மருந்தை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வியர்ப்பது கண்டு வெட்கப்படுவதும், வெட்கத்தால் மேலும் வியர்ப்பதுமான இந்தச் சக்கரத்தை உடைக்க, முன்னதாகவே சொல்லிவிடுவதைப்போல் உபாயம் வேறில்லை என்பது என் கருத்து. “எனக்குக் கை வியர்க்கும் சுபாவம், வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்” என்று கைகூப்பினால் எந்த அதிகாரியும் தவறாக எண்ணமாட்டார். 2020-ஆம் ஆண்டின் தொற்றுக் காலத்தில் உலகம் முழுவதும் கைகுலுக்குவதை நிறுத்தி நமஸ்காரத்துக்கு வந்தது. அந்தச் சௌகரியத்தை அவ்வளவு சீக்கிரம் கைவிட்டிருக்கவேண்டியதில்லை.

கைகூப்பித் தப்பமுடியாத இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் விரல்ரேகை யந்திரம். 2014-ஆம் ஆண்டு முதல் டில்லியிலுள்ள மத்திய சர்க்கார் காரியாலயங்களில் ஆதாரோடு இணைந்த வருகைப் பதிவு ஏற்பட்டிருக்கிறது. நனைந்த விரலின் ரேகையை யந்திரம் தெளிவாகப் படிப்பதில்லை. பின்னால் வரிசை நீள்கிறது. வரிசை நீள நீள விரல் இன்னும் நனைகிறது. புதிதாகச் சேர்ந்தவர், ஒரு பிழையும் செய்யாமலே, முதல் நாளிலேயே தாமதமாக வந்தவர் என்ற பெயரை வாங்குகிறார். சிம் கார்டு வாங்கும்போதும், வாடகை ஒப்பந்தத்தைப் பதியும்போதும், சொந்த ஊரில் ரேஷன் கடையிலும் இதே கதைதான். விரல் தேய்ந்த கொத்தனாருக்கும் வயோதிகர்களுக்கும் நேர்வதே இவருக்கும் நேர்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம் வகுத்த 21 வகைகளில் மிகைவியர்வை இடம்பெறவில்லை. அதைச் சேர்க்கவேண்டும் என்று நான் வாதாடவும் இல்லை. சலுகை என்று ஒன்றைக் கேட்டு விண்ணப்பம் எழுதிச் சான்றிதழ் இணைத்து அலையவேண்டிய நிலைமைதான் வேண்டாம் என்கிறேன்.

கருவிழியைப் படிக்கவும் முகத்தைப் படிக்கவும் ஆதார் முறையிலேயே வழி இருக்கிறது. இருந்தும், அதைப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறவரை, விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள் என்று திருப்பி அனுப்புவதே மேஜைக்குப் பின்னால் இருப்பவரின் வழக்கமாகிவிட்டது. விரல் இரண்டு முறை தவறினால், மூன்றாவது முறைக்குக் காத்திராமல் கருவிழிக்கோ முகத்துக்கோ மாறவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம், புதிய யந்திரம்கூடப் பல இடங்களில் வேண்டாம். மாற்றல் உத்தரவுகளை அச்சடித்து அனுப்புகிற அதே பிரிவு, பிரயாணப்படி விவரங்களின் கீழே இந்த ஒரு வரியையும் சேர்த்து அனுப்பலாம். தூரதேசத்துக்குப் புறப்படுகிறவர் பெட்டியில் எதை எடுத்துவைப்பது என்று யோசிக்கும்போதே அது அவர் கண்ணில் படும்.